ஒற்றைத்துளை வீடு

வெடிமருந்து சாகிற நேரத்தில் என்ன சொல்லிவிட்டுச் சாகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் கொளஞ்சிநாதனின் வேலை. பெண் பார்க்கப் போன வீட்டில் அவர் இப்படித்தான் சொன்னார். பெண்ணின் அப்பா சதாசிவம் அரசுப் பேருந்து நடத்துநர். மிரண்டுபோய் ஒரு வாரம் பதிலே அனுப்பவில்லை. சுரங்கத்துக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் கொளஞ்சிநாதன் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். தன் தொப்பையைச் சொல்லிச் சிரிப்பார். குக்கர் விசில் எத்தனை டெசிபல் என்று சமையலறையில் நின்று அளந்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்லிச் சிரிப்பார்.

தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? சுரங்கத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மருந்து வண்டி நிற்கிற இடத்தில் கத்தக் கூடாது என்பது அங்கே பழக்கம். ஆள் பதறினால் கை பதறும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் கோயில் பிராகாரத்தில் பேசுகிற குரலிலேயே பேசுவார். கொளஞ்சி சார் மாதிரி ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். அவருக்கும் அதில் மாற்றுக் கருத்து கிடையாது.

அரியலூருக்கு வெளியே இருந்த வெண்கரடு சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் அது. பாறையில் வரிசையாகத் துளை போட்டு, மருந்தை ஊற்றி, மேலே ஜல்லி போட்டு இறுக்கமாக அடைப்பார்கள். தீ வைத்தால் வெடி துளைக்குள் நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வேகம் குறைந்தால் கல் உடையாது, புகைதான் வரும். கூடினால் பக்கத்து ஊர்ச் சுவர்களில் விரிசல் விழும். முன்பெல்லாம் துளைக்குள் கம்பி விட்டு அந்த வேகத்தை அளந்தார்கள். கொளஞ்சிநாதன் காலத்தில் கடுகு வந்துவிட்டது.

கடுகை விடச் சிறிய சென்சாருக்கு அவர்கள் வைத்த பெயர் அது. மருந்தோடு சேர்த்துக் கலக்கிவிடுவார்கள். வெடியின் அழுத்தம் தாக்குகிற கணத்தில், அந்த அழுத்தத்தையே தீனியாக எடுத்துக்கொண்டு, ‘என்னைத் தாண்டிப் போய்விட்டது’ என்று ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டு எரிந்துபோகும். அடியிலிருந்து மேல் வரை எந்தக் கடுகு எப்போது சொன்னது என்று பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். முதலில் வந்த கடுகுகள் சொல்லி முடிப்பதற்குள் செத்துப்போயின. ஓடு தடிமனாக வேண்டும் என்று விடாமல் எழுதி எழுதி வாங்கியவர் கொளஞ்சிநாதன். அதற்காகக் கம்பெனி கொடுத்த கேடயம் அவர் வீட்டு ஹாலில் தொங்குகிறது.

தடித்த ஓட்டின் பலன் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

“சார், இன்னிக்கு நம்ம சுரங்கத்துல வேட்டே இல்லையே?” என்றான் ரவூப். கடுகு அனுப்புகிற செய்திகளைப் படித்துச் சொல்வது அவன் வேலை.

“ஆயுத பூசை அன்னிக்கு எவன்யா வேட்டு வைப்பான்? பொரிகடலை தின்னுட்டு வீட்டுக்குப் போ.”

“அப்ப இது என்ன சார்?”

திரையில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அலைகள் எழுந்து அடங்கிக்கொண்டிருந்தன. கொளஞ்சிநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மேல் அடைப்புல சிக்குன கடுகு சாகல சார். கல்லோட போயி, அரைவையில தப்பிச்சு, சூளையிலயும் தப்பிச்சு, சிமெண்டோட மூட்டையில ஏறியிருக்கு. இப்ப ஜில்லா முழுக்கச் சுவத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு, எங்க அழுத்தம் மாறினாலும் நமக்குச் சொல்லுது. ஒரு வீட்டுக் கடுகு அடுத்த வீட்டுக் கடுகுகிட்ட குடுத்து, அது இன்னொண்ணுகிட்ட குடுத்து, இங்க வரைக்கும் வந்துருது.”

“ஆயிரத்து நானூறு டிகிரி சூளைய்யா அது!”

“நீங்கதானே சார் ஓடு தடிமனா கேட்டீங்க.”

கொளஞ்சிநாதன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “இது வெளிய தெரிஞ்சா கம்பெனி என்னைத் தூக்கி அதே சூளையில போடும். அங்க நான் கடுகு மாதிரி தாக்குப்பிடிக்க மாட்டேன்.”

வெளியே சொல்லவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் முந்தின நாள் அலைகளைப் போட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. கடுகுக்கு வார்த்தை தெரியாது, குரல் தெரியாது. அழுத்தம் ஏறியதும் இறங்கியதும் மட்டுமே தெரியும். ஒவ்வொரு கடுகும் தனக்கென்று உள்ள ஒரு எண்ணைச் சொல்லுமே தவிர, எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லாது. ஆனாலும் பழகிய கண்ணுக்குக் கதவு அறைவது வேறு, குக்கர் வேறு, சண்டை வேறு.

“சண்டையில முக்காவாசி நமுத்துப்போன மருந்துதான் ரவூப்,” என்று கொளஞ்சிநாதன் வகுப்பு எடுப்பார். “பாரு, இங்க ஒரு துளை வெடிக்குது. கொஞ்சம் பொறுத்துப் பக்கத்துத் துளை பதில் சொல்லுது. மறுபடி இது. இப்படி மாறி மாறி வெடிச்சா அழுத்தம் வெளிய போயிரும், சுவரு நிக்கும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கத்துற வீடு நல்ல வீடு.”

“இந்த வீடு சார்?”

அந்த வீட்டில் ஒரே துளைதான் வெடித்தது. பதிலுக்கு எதுவும் இல்லை. சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு மூன்று சின்ன அலைகள் வரும், அடுத்தடுத்து. பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஓர் இடி, செங்குத்தாக ஏறும். ஒற்றை ஆள், நிறுத்தாமல். சில நாள் உலோகம் எதிலோ மோதுகிற கூர்மையான முள்ளும் உண்டு. ரவூப் அதற்கு ‘ஒற்றைத்துளை’ என்று பெயர் வைத்தான்.

“அடைப்பு இறுக இறுக வெடி வலுக்கும்,” என்றார் கொளஞ்சிநாதன். “இந்த ஆளு பகலெல்லாம் எங்கயோ வாயை இறுக்கிக்கிட்டு இருக்கான். வீட்டுக்கு வந்து வெடிக்கறான். கோழைப் பயல். அது சரி, முன்னாடி வர்ற அந்த மூணு அலை என்ன?”

“தெரியல சார்.”

“எனக்கும் பிடிபடல. முப்பது வருஷம் வெடி படிச்சவனுக்கு மூணு சின்ன அலை பிடிபடல பாரு. இதுக்கு ஒரு கேடயம் வேற.”

ஒற்றைத்துளை அவரைப் பிடித்து ஆட்டியது. அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு பிள்ளையும் இருக்கலாம், வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள் என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதை மங்கையிடம், அதாவது மனைவி மங்கையர்க்கரசியிடம், சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று ஒருநாள் வீட்டுக்குப் போனார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டதால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மறுநாள் வந்து பார்த்தால் ஒற்றைத்துளையில் முந்தின சாயங்காலம் அதுவரை இல்லாத அளவுக்கு முள் ஏறியிருந்தது.

“ஏதோ ஒண்ணைச் சுவத்துல வீசியிருக்கான் ரவூப். அடுத்த தடவை அது சுவத்துலதான் படும்னு என்ன நிச்சயம்?” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது.

இடையில் வடக்கே தன்பாத்தில் ஒரு சுரங்கக் கருத்தரங்கு. கடுகைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டுத் திரும்பினார். “ஒற்றைத்துளை எப்படி?” என்பதுதான் முதல் கேள்வி.

“நீங்க ஊர்ல இல்லாத நாலு நாளும் அமைதி சார். நேத்திக்குத்தான் மறுபடி.”

“ராட்சசனும் ஊருக்குப் போயிருந்தானாக்கும்.”

ரவூப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “இருக்கலாம் சார்,” என்றான்.

அன்றைக்கே கொளஞ்சிநாதன் முடிவு செய்துவிட்டார். வேலை போனால் போகட்டும். ஒற்றைத்துளைக்காரனைப் பிடித்துவிட வேண்டும். கையில் எடுத்துப் போகிற மாதிரி, முள்ளும் சின்னத் திரையும் வைத்து ஒரு கருவி செய்தார்; அது மெல்ல ஒரு துடிப்பு அனுப்பும், அந்த எண் கொண்ட கடுகு பக்கத்தில் இருந்தால் பதில் சொல்லும். நெருங்க நெருங்க முள் ஏறும். அதைப் பையில் போட்டுக்கொண்டு, பெண்களுக்கான பாதுகாப்பு அலுவலர் ஜெசிந்தாவைப் போய்ப் பார்த்தார்.

“புகார் குடுக்கறது யாரு சார்?”

“சுவரு மேடம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொளஞ்சிநாதன் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். கடுகு, சூளை, தன் வேலைக்கு வரப்போகிற ஆபத்து, எல்லாவற்றையும்.

“உங்க கருவி தப்பாக் காட்டினா நான் ஒரு நிரபராதி வீட்டு வாசல்ல போயி நிக்கணும். தெரியுமில்ல?”

“நான் தப்புப் பண்ணுவேன் மேடம், என் தொப்பையைப் பாருங்க. என் கருவி தப்புப் பண்ணாது.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அலுவலக ஜீப்பில் கிளம்பினார்கள். ஜெசிந்தாவும் டிரைவரும் முன்னால், கொளஞ்சிநாதனும் ரவூப்பும் பின்னால். பேருந்து நிலையத்தைச் சுற்றினார்கள், முள் அசையவில்லை. பெரம்பலூர் சாலையில் லேசாக அசைந்தது. பாரி நகர் வளைவு வந்ததும் எழுந்து நின்றது.

“அட, இது எங்க ஏரியா,” என்றார் கொளஞ்சிநாதன். “இடது பக்கம் திருப்புங்க டிரைவர்.”

முள் இன்னும் ஏறியது. அவர் தெரு அது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. “எதிர் வீட்டு சார்பதிவாளர்! ரிட்டயர் ஆன மனுஷன். டிவி சத்தமே தெருக்கோடி வரைக்கும் கேக்கும். நான் அப்பவே நெனச்சேன் மேடம், அந்த மீசையைப் பாத்தப்பவே.”

ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கினார்கள். கொளஞ்சிநாதன் கருவியை நீட்டிக்கொண்டு சார்பதிவாளர் வீட்டுக் கேட்டை நெருங்கினார். முள் இறங்கியது. திரும்பினார், ஏறியது. இரண்டடி வைத்தார், இன்னும் ஏறியது. கருவியைத் தட்டினார், உதறினார், அணைத்துப் போட்டார். பி. கொளஞ்சிநாதன், எம்.டெக். என்று எழுதிய பலகைக்கு நேராக முள் கடைசிக் கோட்டில் போய் நின்றுகொண்டது.

“கெட்டுப்போச்சு,” என்றார். “வெயில்ல கெட்டுப்போச்சு மேடம்.”

ஜெசிந்தா பலகையை ஒருமுறை படித்தார். ரவூப் தரையைப் பார்த்தான். கம்பெனிச் சலுகையில் எடுத்த சிமெண்டில் அந்த வீட்டைக் கட்டி முடித்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்பது கொளஞ்சிநாதனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

ஹால் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே டிவியில் ஏதோ பாட்டு ஓட, மாமனார் சதாசிவம் தொடையில் தாளம் தட்டிக் கூடவே பாடிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது படிக்கிற மகள் யாழ்மதி சோபாவில் தலைகீழாகக் கால் போட்டுக் கிடந்தாள். “தாத்தா, ஸ்ருதி பெரம்பலூர் போயிருச்சு, பஸ் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க!” என்று அவள் சொல்ல, மங்கை கரண்டியோடு வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மங்கையின் சிரிப்பு அத்தனை பெரியது என்று கொளஞ்சிநாதனுக்குத் தெரியாது. அந்த வீட்டை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எப்போதும் பைக்கில் வருவார். இன்றுதான் ஜீப்பில் வந்திருக்கிறார்.

அவர் கை தானாகக் கேட்டைத் தள்ளியது. தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

பாட்டு நின்றது. யாழ்மதி சோபாவிலிருந்து உருண்டு எழுந்தாள். ஒரு கதவு மூடியது, இன்னொன்று, இன்னொன்று. அவர் கையில் இருந்த கருவியின் திரையில் மூன்று சின்ன அலைகள் எழுந்து அடங்கின.

மூன்று அலைகள் என்னவென்று முப்பது வருஷம் வெடி படித்தவருக்குத் தெரிந்துவிட்டது. சுரங்கத்தில் வேட்டு வைக்கும் முன் சங்கு ஊதுவார்கள். ஊதினால் எல்லோரும் ஓடிப்போய்ப் பதுங்கிக்கொள்ள வேண்டும். அவருடைய பைக் சத்தம்தான் இந்த வீட்டுக்குச் சங்கு.

“நீங்க வெளிய இருங்க சார்,” என்றார் ஜெசிந்தா. “முதல்ல நான் போறேன்.”

தன் வீட்டு வாசலில், தன் செருப்புக்குப் பக்கத்தில், கொளஞ்சிநாதன் உட்கார்ந்தார். ரவூப்பைப் பார்த்து, “உனக்குத் தெரியுமா?” என்றார்.

“தன்பாத் போனப்ப சந்தேகம் சார்,” என்றான் ரவூப்.

“ஏன்யா சொல்லல?”

“சொல்லியிருந்தா கணக்கு தப்புன்னு எனக்கு வகுப்பு எடுத்திருப்பீங்க. அதான், நீங்களே அளந்து பாக்கட்டும்னு...”

வழக்கமாக இந்த இடத்தில் தன்னைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லியிருப்பார். தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை, வெட்கம்தான் வந்தது.

ஜெசிந்தா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. “உங்க வீட்டம்மா புகார் எதுவும் தரல. ‘அடிக்க மாட்டார், கத்துவார், கையில கெடைக்கறதை வீசுவார், அது ஒரு பழக்கம்’னாங்க. எழுதி வச்சிருக்கேன். அடுத்த வாரம் வருவேன், அதுக்கடுத்த வாரமும் வருவேன். அவங்க எப்பக் கூப்பிட்டாலும் வருவேன்.” நடந்தவர் திரும்பினார். “உங்க பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு சார். அப்பா தெருமுனைக்கு வரும்போதே இந்தக் கருவி சொல்லுமான்னு. காத்தடிக்கற அன்னிக்கு உங்க வண்டிச் சத்தம் சரியாக் கேக்கறதில்லையாம்.”

ஜீப் போனது. ரவூப்பும் போய்விட்டான். கொளஞ்சிநாதன் உள்ளே போய் ஹாலில் நின்றார். மூன்று கதவுகளும் மூடியிருந்தன. டிவிக்கு மேலே கேடயம். முன்பு அங்கே காலண்டர்தான் தொங்கிக்கொண்டிருந்தது; கேடயத்தை அங்கே மாற்றியவள் மங்கை. அதை லேசாக விலக்கிப் பார்த்தார். பின்னால் காரை பெயர்ந்திருந்தது. குக்கர் மூடியின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. டெசிபல் கதையில் அவர் யாருக்கும் சொல்லாத மீதிப் பாதி அது. அன்றைக்கு மங்கை அவரைத் திட்டவே இல்லை. ‘பக்கத்துல நிக்காதீங்க, ஆவி அடிக்கும்’ என்று மட்டும்தான் சொன்னாள்.

வேட்டு முடிந்து, ஆபத்து இல்லை என்று பார்த்த பிறகு, நீளமாக ஒரு சங்கு ஊதுவார்கள். அது ஊதும் வரை பதுங்கியவர்கள் வெளியே வரக் கூடாது. இந்த வீட்டில் அந்தச் சங்கை யாரும் ஊதியதே இல்லை. அவர் காலையில் வேலைக்குப் போன பிறகு தாங்களாகவே வெளியே வந்திருக்கிறார்கள், இத்தனை வருஷமும்.

கொளஞ்சிநாதன் ஹாலின் நடுவில் நின்று, வாயைக் குவித்து, மூச்சு முட்டும் வரை ‘ஊ’ என்று ஊதினார். நரைத்த தலையும் தொப்பையுமாகத் தன் வீட்டுக்குள் சங்கு ஊதுகிற ஆளைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. இன்னொரு முறை ஊதினார்.

மாமனார் கதவு ஒருக்களித்துத் திறந்தது. “மாப்ள, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?”

சமையலறைக் கதவு திறந்து மங்கை நின்றாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

“ஒண்ணும் பயமில்ல மங்கை. எல்லாரும் வெளிய வரலாம்,” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. “எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள்.

யாழ்மதியின் கதவு திறக்கவில்லை. தட்டலாம் என்று போனவர், தட்டினால் அதுவும் அவளுக்கு ஒரு சத்தம்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் கடுகு சூளையில் சாகாமல் தப்பிய விஷயத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். மெல்லிய ஓட்டுக்கே திரும்பிவிட்டார்கள். சுவரில் இருக்கிற பழைய கடுகுகள் மூன்று வருஷத்தில் ஓய்ந்துவிடுமாம், அதுவரை யாரும் கேட்கக் கூடாது என்று உத்தரவு. கேடயத்தையும் திருப்பிக் கேட்டார்கள். காரை பூசி முடித்தவுடன் தருவதாகச் சொன்னார். தன் வீட்டு எண்ணை மட்டும் ரவூப் பார்க்கட்டும் என்று கம்பெனியிடமும் வீட்டில் எல்லோரிடமும் கேட்டு அனுமதி வாங்கினார். யாழ்மதி கதவுக்குப் பின்னாலிருந்து சரி என்றாள்.

அன்றிலிருந்து அவர் தெருமுனையிலேயே பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பார். நீளமாக மூன்று தடவை. மகள் கேட்டது அதைத்தானே. மூன்று கதவு மூடுகிற அளவுக்கு அங்கேயே காத்திருந்துவிட்டுப் பிறகு வீட்டுக்குப் போவார். சார்பதிவாளர் மீசையை நீவிக்கொண்டு கேட்டுக்கு வந்து, “என்ன சார், தெனம் ஊர்வலமா?” என்பார். “ஆமா சார், நான் மட்டும்தான் வர்றேன்,” என்பார் கொளஞ்சிநாதன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கும். இடி இல்லை, ஒரே ஒரு நாள் பாதி ஏறி நமுத்துப்போனது, அன்றைக்கு அவரே ஜெசிந்தாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். ஆனால் ஏழு மணியானால் மூன்று அலைகள் மட்டும் தவறாமல் வந்தன. ஒரு காலையில் ரவூப் துள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

“சார், நேத்து ரெண்டுதான்! ஒரு கதவு மூடல!”

“மாமனார் ரூம் கதவுய்யா. கீல் துரு ஏறி, ஆசாரி கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காரு.”

ரவூப்பின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப யாழ்மதி கதவு?”

“மூடுது. தெனமும் மூடுது.”

கொளஞ்சிநாதன் டீயை ஆற்றினார். அப்புறம் அந்தத் தணிந்த குரலில் சொன்னார். “ஆனா ரவூப், நான் உள்ள போனப்ப மாமனார் எந்திரிச்சு அந்தக் கதவில்லாத ரூமுக்குப் போகல. சோபாவுலயே உக்காந்திருந்தாரு. டிவியும் நிறுத்தல. என்னைப் பாத்தாரு, சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கிட்டாரு.”